பெற்றவர் விசாரம்

சங்ககிரி மலையின் அடிவாரத்து ஊர்களில், அம்மை வார்த்து இறங்கிய பிள்ளையின் முகத்தில் விழுந்த தழும்பைப் பார்த்துக் கண் கலங்கிய தாய், அதே வேளையில் உள்ளூர ஒரு நிம்மதிப் பெருமூச்சும் விட்டாள் என்பதை, பெரியம்மை என்னும் வியாதியைக் கண்ணால் கண்டிராத இக்காலத்துப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது சற்றுக் கடினம். ஒருமுறை வந்த பெரியம்மை மறுமுறை அநேகமாக வருவதில்லை. ஆகவே தழும்பு விழுந்த முகம் அழகு குறைந்ததாயினும் ஆயுள் கெட்டியான முகம் என்று எண்ணப்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிய பையனுக்குச் சளி பிடித்தால் சுக்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடியலில் அவனை ஆடு மேய்க்கவோ தறிக்குழியில் உட்காரவோ அனுப்பிவிட்ட தாய்மார், மடியில் கிடந்த கைக்குழந்தை ஒரு வேளை பால் குடிக்க மறுத்தால் தெருவையே கூட்டினார்கள். விசாரம் முழுவதும் தொட்டிலைச் சுற்றியே நின்றது. வாலிபத்தின் வாசலில் நிற்கிற பிள்ளைக்குத் தலை வலிக்கிறது, வயிறு சரியில்லை, இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறது என்று பெற்றோர் இராத்தூக்கம் கெடுவது இந்தச் சீமையின் சரித்திரத்தில் மிகவும் பிற்பட்ட சங்கதி.

சோதிட சாஸ்திரமும் இதற்கு ஒருவிதத்தில் சாட்சி சொல்கிறது. பாலாரிஷ்டம் எனப்படும் சிசுப் பருவத்துக் கண்டங்களுக்கு எட்டு வயது என்று சிலரும் பன்னிரண்டு வயது என்று சிலரும் எல்லை கட்டினார்கள். அந்த எல்லையைக் கடக்காத குழந்தைக்கு விஸ்தாரமாக ஜாதகம் எழுதிப் பலன் பார்ப்பது வீண் என்று திருப்பியனுப்பிய ஜோசியர்களும் உண்டு. பதினாறு வயதுக் கண்டத்துக்கு மார்க்கண்டேயன் கதை இருக்கிறதே என்றால், அவனுக்கு நேர்ந்த ஆபத்து ஜுரத்தினாலோ இருமலினாலோ வந்ததன்று. முன்பே எழுதி வைத்த தவணையினால் வந்தது. சாஸ்திரம் மெய்யோ பொய்யோ, பெற்றவர்களின் பயத்துக்கு அது ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தது என்பது மட்டும் மெய். அந்தத் தேதி கழிந்த பிறகு பயப்படுவதற்குச் சாஸ்திர சம்மதம் இல்லை.

அந்தப் பயம் அறியாமையில் பிறந்தது என்று நம்மில் படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவதுண்டு. கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்த அன்றைய சேலம் ஜில்லாவில், 1871ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து எண்ணியபோது அந்தத் தொகை 16 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. இடையில் நடந்தது தாது வருஷத்துப் பஞ்சம். பசியில் செத்தவர்களைக் காட்டிலும், பசியால் நலிந்த உடம்பில் காலராவும் அம்மையும் ஜுரமும் புகுந்து மாண்டவர்களே மிகுதி. அவர்களில் குழந்தைகள் எத்தனை பேர் என்பதை யூகித்துக் கொள்ளலாம். பிறகு 1896இல் பம்பாயில் இறங்கிய பிளேக், இரண்டு வருஷத்துக்குள் மைசூர் ராஜ்யத்தை எட்டி, அங்கிருந்து நம் பக்கத்து எல்லைகளைத் தொட்டது. மேற்கே கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு கோவில்களே எழுந்தன. வியாதிக்கு இங்கிலீஷ் பெயர், அதை ஆளுகிற தெய்வத்துக்குத் தமிழ்ப் பெயர் என்று ஜனங்கள் இரண்டையும் சங்கடமில்லாமல் சேர்த்துக் கொண்டார்கள். ராஜாஜி சேலம் முனிசிபாலிடிக்குத் தலைவராக இருந்த காலத்தில்தான், 1918இல், விஷ ஜுரம் என்று ஜனங்கள் அழைத்த இன்ஃபுளுயென்ஸா தேசம் முழுவதிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தக் காலத்து இந்தியாவில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஏறக்குறைய இருநூறு முதல் வருஷ நிறைவைக் காணவில்லை. இப்படிப்பட்ட நாட்டில், குழந்தையின் உடம்பு மாலையில் இலேசாகச் சுட்டபோது நெஞ்சு பதறிய தாய் மிகையாக ஒன்றும் செய்துவிடவில்லை.

பதற்றத்தை அவள் என்ன செய்தாள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். முதலாவதாக, அவள் யமனை ஏமாற்றப் பார்த்தாள். முன்னே பிறந்த இரண்டு குழந்தைகள் தங்காமற் போன வீட்டில் மூன்றாவதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும் குப்பாயி என்றும் பெயரிட்டார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரியின் முறத்தில் குழந்தையைக் கிடத்தி, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கொண்டு, இது எங்கள் பிள்ளையன்று, தவிட்டுக்கு வாங்கியது என்று ஊரறியச் சொன்னார்கள். ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி விட்டதும் உண்டு. யாரும் விரும்பாத பண்டத்தைக் காலன் ஏன் தூக்கப் போகிறான் என்பது தர்க்கம். இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களையும் வாக்காளர் பட்டியல்களையும் புரட்டினால் பிச்சைகளும் குப்பாயிகளும் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், பெயரிடப்படாமலே போன ஒரு மூத்த குழந்தை இருக்கக் கூடும்.

இரண்டாவது ஏற்பாடு இதைவிட நுட்பமானது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால், அதை வியாதி என்று சொல்லாமல் ஆத்தா வந்திருக்கிறாள் என்று தாழ்ந்த குரலில் சொல்லி, வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி, அன்று முதல் அடுப்பில் தாளிப்பதை நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் காயக் கூடாது. கடுகு வெடிக்கக் கூடாது. வெளியார் உள்ளே வரலாகாது. வீட்டார் வேறு வீட்டு விசேஷங்களுக்குப் போகலாகாது. துணி வெளுக்கப் போடலாகாது. நோயாளிக்கு இளநீர், மோர், உப்புக் குறைத்த கஞ்சி. அரிப்பெடுத்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொழுந்தால் தடவ வேண்டும். பொக்குளங்கள் வாடத் தொடங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றுவார்கள். அது முதல் தண்ணீர். ஒருநாள் இடைவிட்டு இரண்டாம் தண்ணீர். பின்பு மூன்றாம் தண்ணீர். மூன்று தண்ணீர் ஊற்றியாயிற்றா என்பதே அந்நாட்களில் அண்டை அயலார் விசாரிக்கும் கேள்வி. ஆயிற்று என்று பதில் வந்துவிட்டால், வேப்பிலை இறங்கும், கடுகு வெடிக்கும், கோவிலுக்குக் கூழ் போகும், வீடு பழைய வீடாகும்.

இந்த ஆசாரத்தில் தொற்று பரவாமல் தடுக்கும் புத்தி பாதிக்குமேல் அடங்கியிருக்கிறது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதை நானும் மறுக்கவில்லை. எனக்கு அதைக் காட்டிலும் முக்கியமாகப் படுவது மூன்றாம் தண்ணீர். பெற்றவளின் கவலை எந்த நாளில் ஆரம்பமாக வேண்டும், அது இருக்கும்வரை அவள் கைகள் என்னென்ன செய்துகொண்டிருக்க வேண்டும், எந்த நாளில் அதை இறக்கி வைத்துவிட வேண்டும் என்பதற்கு ஊரே கூடி ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்த மருமகளை, வீட்டு ஆயா அதட்டி நிறுத்தினாள். ஆத்தாளை அனுப்பி வைத்த பிறகு சந்தேகப்படுவது தெய்வ நிந்தனையாகும் என்பது அவளுடைய வாதம். வைத்தியம் பிள்ளைக்கு நடந்தாற்போலவே தாய்க்கும் நடந்தது.

அம்மை அல்லாத சில்லறை நோவுகளுக்கு வேண்டுதல் இருந்தது. பிள்ளைக்கு மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால், தாய் ஒரு நாணயத்தை எடுத்துக் கழுவி, மஞ்சளில் நனைத்த துணித் துண்டில் வைத்து, குலதெய்வத்தின் பேரையோ மாரியம்மன் பேரையோ சொல்லி முடிச்சுப் போட்டு, சுவாமி படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானைக்குள்ளோ வைத்துவிடுவாள். அந்த முடிச்சை இறுக்கும் போது பல்லால் ஒருமுறை இழுத்து விடுவார்கள். மஞ்சள் உதட்டில் ஒட்டும். இனிமேல் அது தெய்வத்தின் பொறுப்பு. காய்ச்சல் விட்டதும் காசு உண்டியலுக்குப் போக வேண்டும் என்பது விதி. எத்தனையோ வீடுகளில் பானையின் அடியில் நாலைந்து முடிச்சுகள் சேர்ந்து, எது எந்தப் பிள்ளைக்கு எந்த வருஷத்துக் காய்ச்சலுக்கு முடிந்தது என்பதே மறந்துபோய், ஆடி மாதத்தில் சேலத்துக்குப் புறப்படும்போது மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார்கள். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில், கண் நோவுக்கு வெள்ளிக் கண்மலரும், கை கால் நோவுக்கு அந்தந்த அங்கத்தின் தகட்டு உருவமும் வாங்கிச் சாத்துகிற கூட்டத்தைப் பார்த்தால், சேலம், நாமக்கல் சமவெளிப் பெற்றோரின் ஒரு வருஷத்துக் கவலைகள் முழுவதும் வகை வாரியாகத் தட்டில் குவிவதைக் காணலாம்.

மந்திரிப்பதும் இதில் சேர்ந்ததே. பிள்ளை எதையோ கண்டு பயந்துவிட்டது, இராவில் திடுக்கிட்டு எழுகிறது என்றால், முனியப்பன் கோவில் பூசாரி திருநீறு போட்டுக் கயிறு கட்டுவார்; அன்றேல், அந்தி நேரத்துத் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களுக்காகப் பள்ளிவாசல் படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார் காத்திருப்பார்கள்; அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஹஜ்ரத் ஓதி முகத்தில் ஊதிவிடுவார். பெருமாள் கோவிலும் தர்காவும் ஒரே கோட்டை மலையில் அமைந்த சங்ககிரியில் இதை யாரும் விசேஷமாகக் கவனித்ததில்லை.

இவற்றையெல்லாம் அழகென்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. மாந்தம் என்று சொல்லிப் பச்சைக் குழந்தையின் வயிற்றில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சூடு போட்டவர்களும் இந்த ஆயாக்கள்தாம். தொக்கம் என்று, தொண்டையில் சோறு சிக்கிக்கொண்டதாகச் சொல்லி உறிஞ்சி எடுத்துக் காட்டுகிறவரிடம் போய், நிஜமான கபவாதத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இரண்டு நாளை இழந்தவர்களும் உண்டு. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்று நாக்கு வறளப் போட்டது எல்லாவற்றிலும் கொடியது. கவலையை ஆற்றத் தெரிந்த சமூகத்துக்கு வியாதியை ஆற்றும் வித்தை அநேக சந்தர்ப்பங்களில் தெரிந்திருக்கவில்லை.

அந்த வித்தை ஊசி வடிவில் வந்தபோது பெற்றவர்கள் அதற்கும் பயந்தார்கள். ஜென்னரின் பசு அம்மைப் பால் 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தையின் கையில் முதன்முதலாக இந்த மண்ணில் பலித்தது. சேலம் சீமை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கம்பெனிக்குக் கைமாறுவதற்கு முன் எந்த மைசூருக்குக் கப்பம் கட்டிற்றோ, அந்த மைசூரின் ராணிகளைத் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் 1805ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. அதில் வலப்புறம் நிற்கிற இளம் ராணி தம் சேலைத் தலைப்பைச் சற்று விலக்கி, கையில் அம்மை குத்திய இடத்தைக் காட்டுகிறார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அப்போது அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. ராஜ வீட்டுப் பெண்ணே குத்திக்கொண்டாள் என்று ஜனங்களுக்குக் காட்டி, அவர்களுடைய பயத்தைத் தெளிவிக்கச் செய்த ஏற்பாடாக அது இருக்கலாம்.

ஜனங்கள் அவ்வளவு சீக்கிரம் தெளிந்துவிடவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து சீழை எடுத்து இன்னொரு குழந்தையின் கையில் குத்துகிற ஆரம்ப கால முறை, ஜாதியும் தீட்டும் பார்த்த ஊர்களில் எப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் கன்றுகளிலிருந்து பாலெடுத்து அனுப்பத் தொடங்கிய பின்னும், அம்மை குத்துகிறவர் சைக்கிளில் ஊர் எல்லைக்கு வருகிறார் என்று தெரிந்தால், பிள்ளைகளைச் சோளக்காட்டுக்குள்ளும் குதிருக்குள்ளும் ஒளித்து வைத்த தாய்மார் கதைகளை எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். ஆத்தாளைக் குத்தி விரட்டுவது பாவம் என்பது ஒன்று. குத்திய கை வீங்கிக் காய்ச்சல் வருகிறதே, சும்மா இருந்த பிள்ளைக்கு நாமே நோவை வாங்கிக் கொடுப்பதா என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தை இன்றைக்கும் கேட்கிறோம். எப்படியோ, 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி குணமாகி, 1980இல் உலகத்திலேயே அந்த வியாதி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களின் கையில் மட்டும் அந்தத் தழும்பு மிஞ்சியிருக்கிறது.

ஊசிக்கும் மந்திரத்துக்கும் நடுவில் ஒருவர் வந்தார். அவர் எல்.எம்.பி. டாக்டர். 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டபடியால் சங்ககிரிக்காரர்கள் அவசரத்துக்கு ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ போக முடிந்ததென்றாலும், சில்லறை உபாதைகளுக்கு உள்ளூர் டாக்டரே கதி. அவரிடம் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பவுண்டர் அதில் ரோஜா நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ மிக்ஸரை ஊற்றி, நீளமாக நறுக்கிய காகிதத்தை மடித்து, ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பிரித்து, பசை தடவிச் சீசாவின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ஒன்பது பல், மூன்று நாள். சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மருந்து மட்டம் எத்தனையாவது பல்லில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே தாய் மூன்று நாளைக் கழித்துவிடுவாள். அந்த மிக்ஸரில் ஓம வாசனையும் இனிப்பும் தவிர அதிகமாக ஒன்றும் இருந்ததில்லை என்பது பிறகு தெரிந்த ரகசியம். சாதாரண ஜுரம் அந்த மூன்று நாளில் தானே விட்டுப்போகும் என்பது டாக்டருக்கு முன்பே தெரிந்த ரகசியம். மாரியம்மனின் மூன்று தண்ணீரை டாக்டர் சீசாவில் அடைத்துக் கொடுத்தார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மருந்தோடு பத்தியமும் மாறிற்று. ஜுரக்காரனுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி என்பது டாக்டர்களால் பரவிய பழக்கம். அந்த ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர்ப் பக்கங்களிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலக யுத்தம் அந்த வழியை அடைத்ததும், 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் உபாயத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு ஆத்தூர் முதல் நாமக்கல் வரை மரவள்ளிக் காடும், ஜவ்வரிசி காயும் களமுமாக இருக்கிற பெருந்தொழிலின் வேர், காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி கிடைக்கவில்லையே என்ற தவிப்பில் கொஞ்சமேனும் இருக்கிறது என்பதை எண்ணி நான் சந்தோஷப்படுவதுண்டு. அதே காலத்துப் பத்திரிகைகளில் ஈரல் குலைக்கட்டிக்கு ஜம்மி லிவர்க்யூர் விளம்பரம் தவறாமல் வந்தது. நடுத்தர வர்க்கத்துத் தாய்மாருக்கு அந்தச் சொல்லே போதும், குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த வியாதிக்குப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலும் ஒரு காரணமாகலாம் என்று 1983இல் ஆய்வாளர்கள் சொன்னபோது வியாதியே அருகிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் அதற்குள் சமையலறைக்கு வந்துவிட்டது.

இனி, வளர்ந்த பிள்ளைக்காகப் பெற்றோர் தூக்கம் கெடுகிற அந்தப் பிற்பட்ட சங்கதிக்கு வருவோம். 1981இல் கூடத் தமிழ்நாட்டில் ஆயிரம் சிசுக்களில் 91 இறந்தன. 2020இல் அது 13. தொட்டிலிலிருந்த பயம் இவ்வாறு பெரும்பாலும் இறங்கிவிட்டது. ஆனால் பயம் என்பது காரணம் போனதும் போய்விடுகிற வஸ்துவன்று. 1990களின் நடுப்பகுதிக்குள் தமிழ்நாட்டுக் குடும்பம் இரண்டு குழந்தை அளவுக்குச் சுருங்கியது. கொங்குச் சமவெளியில் அதற்கும் முன்பே, ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. ஏழு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த விசாரம் ஒரே பிள்ளையின் தலையில் இறங்குமானால் அது எவ்வளவு கனமாக இருக்கும்! அந்தப் பிள்ளையும் சிசுவாகவே இருந்துவிடாமல் பதினைந்து, பதினாறு என்று வளர்ந்து, காலம் கெட்டுத் தூங்கி, சாப்பாட்டை ஒதுக்கி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிற வயதுக்கு வந்ததும், பெற்றோரின் கண்ணுக்கு அவையெல்லாம் வியாதியின் குறிகளாகத் தோன்றத் தொடங்கின.

இந்தப் பக்கத்துத் தொழில்களும் இதற்குத் துணை செய்தன. சங்ககிரி லாரி ஊர். தகப்பன் நாகபுரிக்கும் இந்தூருக்கும் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும், முன்பு எஸ்.டி.டி. பூத்திலிருந்தும் இப்போது கைபேசியிலிருந்தும் அவர் முதலாவதாகக் கேட்பது பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான். தூரத்திலிருந்து கேட்கிற இருமல், பக்கத்தில் கேட்கிற இருமலைக் காட்டிலும் பெரிது. இன்னொருபுறம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரங்களில் எழுந்த விடுதிப் பள்ளிகள் தமிழ்நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் வந்த ஜலதோஷம் இரண்டு மதிப்பெண்ணைக் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது? மாநில அளவில் தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலில் சத்து மாவு டப்பாவும் தைல சீசாவுமாக நிற்கிற பெற்றோர் கூட்டம் அதனால் குறையவில்லை.

அதே 2017இல் டெங்குக் காய்ச்சல் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகப் பிடித்தது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணு எத்தனை ஆயிரமாக இறங்கியிருக்கிறது என்று எழுத்தறியாத தாய்மார் கூட விரல்விட்டுச் சொன்னார்கள். நிலவேம்புக் கஷாயம் தெருவுக்குத் தெரு ஊற்றப்பட்டது. அந்த வருஷம் பயந்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு எந்தக் காய்ச்சலையும் வெறும் காய்ச்சலாகப் பார்க்கும் தைரியம் போய்விட்டது என்பது மட்டும் நிஜம்.

இன்றைக்கு இந்தப் பக்கத்து மருத்துவமனை எதிலும் மாலை நேரத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்கக் கூடிய பேச்சு இது. "மூணு நாளா மண்டை வலிக்குதுங்கறானுங்க டாக்டரு, ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமுங்களா?" என்கிறாள் தாய். "எந்நேரமுங்க தூங்கறான்?" என்கிறார் டாக்டர். மீசை அரும்பிய பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். தூங்குவது இரவு இரண்டு மணிக்கு என்று தெரிகிறது. கண்ணையும் பார்த்துவிடுவோம், நேரத்தில் படுக்கச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார். தாயின் முகத்தில் திருப்தி இல்லை. மருந்தில்லாமல், ஊசியில்லாமல், இன்ன நாளில் தீரும் என்ற கெடு இல்லாமல் வீட்டுக்குப் போவது எப்படி? சமர்த்தான டாக்டர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். இன்னின்ன குறி தெரிந்தால் உடனே வாருங்கள், தெரியாவிட்டால் மூன்று நாள் கழித்து வந்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டைத் தாய் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளும்போது முகம் சற்றுத் தெளிகிறது.

இத்தனையும் எழுதிய பிறகு, எழுதாமல் விடக் கூடாத ஒன்று இருக்கிறது. இந்தச் சீமையின் பெற்றவர் விசாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் ஆரம்பித்தபோது, அதற்கு முதலாவதாகத் தேர்ந்தெடுத்த இடம் சேலம் மாவட்டம். மஞ்சள் துணியில் காசு முடிந்த அதே கைகளைப் பற்றியே இதைச் சொல்ல நேர்கிறது.

தப்பி வளர்ந்த பெண்ணுக்கும் கணக்கு வேறாகத்தான் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் செய்கிற தெரட்டிச் சீரின்போது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாகச் சில நாள் கவனித்துவிட்டு, பிறகு அவள் மாடியேறினால் மூச்சு வாங்குவதையும், வகுப்பில் தூங்கி வழிவதையும் சோம்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பதினைந்து முதல் பத்தொன்பது வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இதற்குக் காய்ச்சல் இல்லை, தழும்பு இல்லை, இருமல் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், அவ்வளவே. அதற்கென்று 2013 முதல் பள்ளிகளில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும் என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வேண்டுமென்று விதி. குமட்டுகிறது என்று பெண் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாள் காலையில் தாய் டீச்சருக்குப் போன் செய்துவிடுகிறாள்: "எம்புள்ளைக்கு ஒத்துக்கலைங்க டீச்சர், அந்த மாத்திரைய மட்டும் குடுத்துராதீங்க."